காவேரி கனெக்ஷன் இருக்குன்னா காவேரி தண்ணி வருதுன்னு அர்த்தம் இல்ல

அம்பத்தூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டில வேலை, ஸ்கூல் திறக்கறதுக்குள்ள குடி வந்தாகணும். நாலு பேர், அதுல நாலாங்கிளாஸ் போற பொண்ணு, வீசிங் இருக்கற 71 வயசு மாமனார். ரெண்டு வீடு பாத்து வெச்சிருக்காங்க. ஒண்ணு ஹெப்பகோடி பக்கம் 1,150 சதுர அடி அபார்ட்மெண்ட், வாடகை 21,000, மெயின்டனன்ஸும் தண்ணியும் தனி. இன்னொண்ணு பி.டி.எம். லேஅவுட்ல தனி வீட்டோட ரெண்டாவது மாடி போர்ஷன், 29,000. ரெண்டுலயும் காவேரி கனெக்ஷன் இருக்குன்னு புரோக்கர் சொல்றாராம். வாடகையே வேண்டாம்னா அந்த ஹெப்பகோடி வீட்டையே 18 லட்சத்துக்கு மூணு வருஷ லீஸ்ல வாங்கித் தர்றேன்னும் சொல்றாராம். "மாசம் எட்டாயிரம் வித்தியாசம் வருது சார், எதை எடுக்கலாம்?"

அம்மா, மொதல்ல அந்த 18 லட்சத்தை யார் கையிலயும் குடுத்துடாதீங்க. அதுக்கு அப்புறம் வர்றேன், முன்னாடி தண்ணி.

நான் 26 வருஷமா பெங்களூர்ல அபார்ட்மெண்ட்களுக்கு தண்ணி லைன், மோட்டார், சம்ப் வேலை பாக்கறவன். வீடு பாக்க வர்றவங்க டைல்ஸ் பாக்கறாங்க, மாடுலர் கிச்சன் பாக்கறாங்க, குழாயத் திறந்து தண்ணி வருதான்னு பாக்கறாங்க. குழாய்ல எப்பவும் வரும்மா, மாடில டேங்க் இருக்கே. அந்த டேங்க்குக்கு எங்க இருந்து வருதுங்கறதுதான் கேள்வி. பெங்களூருக்குப் பக்கத்துல ஊர் மொத்தத்துக்கும் குடிதண்ணி குடுக்கற மாதிரி பெரிய ஆறு கிடையாது. காவேரித் தண்ணிய தொரேகாடனஹள்ளில இருந்து சுமார் 100 கிலோமீட்டர், அதுவும் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரம் ஏத்தி பம்ப் பண்ணிக் கொண்டு வர்றாங்க. அதனால பழைய ஏரியாக்கள்லயே பல தெருவுல ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில மணி நேரம்தான் விடுவாங்க. 2007-ல மாநகராட்சியோட சேத்த 110 கிராமத்துக்குன்னு காவேரித் திட்டத்தோட அஞ்சாவது கட்டத்த 2024 அக்டோபர்ல தொடங்கினாங்க, ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர். எல்லையில சேத்து 17 வருஷம் கழிச்சு தண்ணி! அத்தனை வருஷமும் அங்க இருந்தவங்க வீட்டு வரியும் கட்டினாங்க, டேங்கருக்கும் கட்டினாங்க.

நீங்க சொல்ற ஹெப்பகோடி அந்த 110 கிராமத்துல வராது. அது ஆனேக்கல் தாலுகா, தனி நகரசபை. பில்டிங்கும் கடைத்தெருவும் பாத்தா பெங்களூர் மாதிரியே இருக்கும், ஆனா தண்ணிக்கு வேற ஆபீஸ். அங்க ஒரு புரோக்கர் "காவேரி இருக்கு"ன்னு சொன்னா, குழாய் பதிச்சிருக்குன்னு அர்த்தமா இருக்கலாம், காவேரித் தண்ணி டேங்கர்ல வருதுன்னு அர்த்தமா இருக்கலாம், ஒரு அர்த்தமும் இல்லாமயும் இருக்கலாம். நான் வேலை பாத்த ஒரு அபார்ட்மெண்ட்ல பில்டர் வீட்டுக்கு வீடு காவேரி சார்ஜுன்னு தனியா பணம் வாங்கினார், கேட்டுக்குப் பக்கத்துல குழாயும் கொண்டாந்து நிறுத்தினார், ஆறு வருஷம் அந்தக் குழாய்ல சொட்டுத் தண்ணி வரல. வயசானவங்க பக்கெட்டோட லிஃப்ட்ல இறங்கறத பாத்தவன் நான், அதனாலதான் இத இவ்வளவு இழுத்துச் சொல்றேன்.

அதனால வாய் வார்த்தை வேண்டாம், வாட்டர் போர்டு பில்லைக் காட்டச் சொல்லுங்க. அதுல எவ்வளவு தண்ணி ஓடிச்சுன்னு போட்டிருக்கும். அம்பது வீடு இருக்கற இடத்துல ஒரு வீட்டுக்குப் போதுமான அளவுதான் ஓடியிருந்தா கனெக்ஷன் இருக்கு, தண்ணி இல்ல. அப்புறம் அசோசியேஷன்ல போன மார்ச், ஏப்ரல், மே மூணு மாசத்து கணக்கக் கேளுங்க, எத்தனை டேங்கர், ஒண்ணு என்ன விலைன்னு. ஆகஸ்ட் மாசத்து கணக்கக் காட்டினா வாங்காதீங்க, மழைக்காலத்துல எல்லா போர்வெல்லும் தண்ணி குடுக்கும். கணக்கு தரமாட்டோம்னு சொன்னா வாட்ச்மேன்கிட்டயும் மாடில துணி காயப்போடற அம்மாகிட்டயும் கேளுங்க, புரோக்கர் இல்லாத நேரத்துல போய்க் கேளுங்க.

இப்ப உங்க எட்டாயிரம் கணக்குக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க, நாலு பேருக்கு 540, மாசத்துக்கு 16,200 லிட்டர். 2024 மார்ச்ல தண்ணிப் பஞ்சம் வந்தப்போ மாவட்ட நிர்வாகம் 12,000 லிட்டர் டேங்கருக்கு அஞ்சு கிலோமீட்டருக்குள்ள 1,000 ரூபான்னு விலை கட்டினாங்க. அந்த விலைக்கே கிடைச்சாலும் உங்களுக்கு மாசம் 1,350 ஆகும். ஆனா அந்த விலைக்கு வண்டி வந்த இடம் எத்தனைன்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தெரியும், போன் பண்ணா எடுக்க மாட்டான், எடுத்தா ரெட்டிப்பு விலை சொல்வான், விலை கட்டின ஆபீஸ்ல புகார் சொன்னா இன்னொரு நம்பர் தருவாங்க. ஆக கோடைல 2,700-ன்னு வெச்சுக்குங்க. மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபான்னா 4,600. வாடகையோட சேத்தா சாதாரண மாசத்துல 26,950, கோடைல 28,300. பி.டி.எம். வீட்ல தண்ணி பில்லு நிஜமா காவேரின்னா சில நூறு ரூபாதான். எட்டாயிரம்னு நீங்க நெனச்சது சாதாரண மாசத்துல ரெண்டாயிரத்து சொச்சம், கோடைல ஆயிரம் ரூபா. இதுல போர் தண்ணியோட உப்பை நான் சேக்கவே இல்ல. ஹீட்டர் காயில்லயும் வாஷிங் மெஷின்லயும் வெள்ளையா படியும், குடிக்க கேன் தனியா வாங்கணும், உங்களுக்கு அம்பத்தூர்லயே பழகியிருக்கும்.

பி.டி.எம். வீட்டையும் கண்ண மூடிட்டு எடுக்காதீங்க. அந்த பில்டிங்ல எத்தனை குடும்பம், சம்ப் எத்தனை லிட்டர்னு கேளுங்க. நாலு குடும்பம்னா ரெண்டு நாளைக்கு 4,300 லிட்டர் வேணும், ஆனா சம்ப்பும் மாடி டேங்க்கும் சேத்து ஒம்பதாயிரம் லிட்டராவது இருக்கணும், ஏன்னா தெருவுக்குத் தண்ணி திறந்து விடற வால்வ்மேன் ஒரு முறை திறக்காம விட்டா நாலு நாள் ஆயிடும். கீழ் வீட்ல ஓனர் இருக்காரா, மோட்டார் சுவிட்ச் யார் கையிலங்கறதும் பாருங்க.

சரி, லீஸ். நம்ம ஊர்ல ஒத்தி, போக்கியம்னு சொல்றதுதான் இங்க லீஸ். நல்ல ஓனர் நேரடியா குடுத்தா அது தப்பான ஏற்பாடு இல்ல. ஆனா இப்ப இந்த ஊர்ல நடக்கறது வேற. நடுவுல ஒருத்தன் ஓனர்கிட்ட வீட்டை மாச வாடகைக்கு எடுப்பான், ஓனருக்கு வாடகைன்னு ஒரு அக்ரிமெண்ட், உங்களுக்கு லீஸுன்னு ஒரு அக்ரிமெண்ட். உங்க 18 லட்சம் அவன் கைக்குப் போயிடும். ஆறேழு மாசம் ஓனருக்கு ஒழுங்கா வாடகை போடுவான், அப்புறம் நிறுத்திடுவான், ஒரு நாள் காலைல ஓனர் வந்து கதவத் தட்டி "நீங்க யாரு, என் வாடகை எங்க"ன்னு கேப்பார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது, அவர் உங்கள பாத்ததே இல்ல. இன்னொரு வகை, வீட்டு மேல பேங்க் லோன் இருக்கும், ஓனரே லீஸ் பணத்த வாங்கிட்டு தவணை கட்டாம விட்டுடுவார், பேங்க் நோட்டீஸ் கதவுல ஒட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியும். பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச பணம், ஊர்ல நிலம் வித்த பணம்னு இதுல விட்டவங்க எனக்குத் தெரிஞ்சே நாலு குடும்பம்.

ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ் பதிவு ஆகணும்னு பதிவுச் சட்டமே சொல்லுது. மூணு வருஷ லீஸ நோட்டரி முத்திரை போட்ட தாள்ல எழுதிக் குடுத்து "இங்க எல்லாரும் இப்படித்தான் சார்"னு சொன்னா அங்கயே எழுந்துடுங்க. பதிவுத்துறை வெப்சைட் பேரும் காவேரிதான், அதுல வில்லங்கச் சான்று எடுத்துப் பாக்கலாம். பணம் எதுவா இருந்தாலும் ஓனர் பேர்ல இருக்கற பேங்க் அக்கவுண்டுக்கு மட்டும்தான் போகணும். வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே "டோக்கன் ரெண்டாயிரம் ஜிபே பண்ணுங்க, இல்லன்னா வேற பார்ட்டி எடுத்துடுவாங்க"ன்னு அவசரப்படுத்தினா, எடுத்துக்கட்டும்னு விட்டுடுங்க. வாடகைக்கு எடுத்தாலும் அஞ்சாறு மாச அட்வான்ஸ் கேப்பாங்க, ஒரு காலத்துல பத்து மாசம். காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்கங்கறத பதினொரு மாச அக்ரிமெண்ட்ல நம்பரா எழுதி வாங்குங்க.

கரண்ட் விஷயத்துல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், வெளியூர்க்காரங்க இதுல ரொம்ப குழம்பறாங்க. நம்ம தமிழ்நாட்டு ஃப்ரீ யூனிட் கணக்கு வேற, இங்க கணக்கு வேற. இங்க 2023-ல இருந்து கிருஹ ஜோதின்னு கர்நாடக அரசோட ஃப்ரீ கரண்ட் திட்டம், பில்லு மாசா மாசம். "200 யூனிட் வரைக்கும் ஃப்ரீ"ன்னு புரோக்கர் சொல்வார், அது அப்படியே 200 இல்ல. அந்த வீட்ல 2022-23-ல மாசம் சராசரி எத்தனை யூனிட் ஓடிச்சோ, அதுக்கு மேல பத்து சதவீதம், அவ்வளவுதான் உங்க உரிமை. பழைய கணக்கே இல்லாத வீடுன்னா 53 யூனிட் சராசரின்னு எடுத்து, பத்து சதவீதம் சேத்து 58. அதுக்கு மேல 200-க்குள்ள ஓடினா மிச்சத்துக்கு மட்டும் பணம், 200 தாண்டினா மொத்த பில்லும் உங்க தலைல. வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் உண்டு, ஆதார்ல அம்பத்தூர் அட்ரஸ் இருந்தா வாடகை அக்ரிமெண்ட் காட்டணும். ஆனா அந்த மீட்டர்ல ஏற்கனவே இருந்தவர் தன் ஆதார எடுத்து விட்டிருக்கணும், அத அவர் செய்யாம போயிருந்தா உங்களுக்கு ஏறாது. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அத செய்ய வைங்க, அப்புறம் அவர் போனே எடுக்க மாட்டார்.

இதெல்லாம் உங்க போர்ஷனுக்குன்னு பெஸ்காம் (இங்க கரண்ட் குடுக்கற கம்பெனி) மீட்டர், தனி ஆர்.ஆர். நம்பர், அதாவது கனெக்ஷன் நம்பர், இருந்தாத்தான். பி.டி.எம். மாதிரி ஏரியால மாடி மேல மாடி கட்டி, மேல இருக்கறவங்களுக்கு ஓனரே ஒரு சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 10 ரூபா, 12 ரூபா வாங்கற வீடுங்க நெறைய. பெஸ்காம் விலை 6 ரூபா அளவுலதான் இருக்கு. மீட்டர் பெட்டியத் திறந்து பாருங்க, உங்க வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி எந்த மீட்டர் நிக்குதுன்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

மாமனாருக்காக ஊர் தட்பவெப்பத்தப் பத்தியும் கொஞ்சம். பெங்களூர் எப்பவும் ஜில்லுன்னு இருக்கும்னு நம்பி வராதீங்க. 2016 ஏப்ரல்ல 39.2 டிகிரி பதிவாச்சு. சென்னை மாதிரி வேர்த்துக் கொட்டாது, ராத்திரி இறங்கிடும், ஆனா மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ரூம்ல ஏப்ரல் மத்தியானம் பெரியவங்களால படுக்க முடியாது. நீங்க சொல்ற ரெண்டாவது மாடிக்கு மேல தளம் இருக்கா? வீசிங்குக்கு நான் வெயில விட பயப்படறது ஈரம்தான். 30-க்கு 40 அடி மனைல பக்கத்து சுவரோட சுவர் ஒட்டிக் கட்டின வீடுங்க, ஜூன் தொடங்கி அக்டோபர் கடைசி வரைக்கும் மழையும் சாரலும், வெயிலே படாத ரூம்ல கட்டிலுக்குப் பின்னாடி கருப்பா பூஞ்சை பிடிக்கும். புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா அலமாரிக்குள்ள தலைய விட்டு மோந்து பாருங்க. இந்த ஊர் வந்த பிறகு மகரந்தத்தால வீசிங் கூடினவங்களும் இருக்காங்க, அத அவரோட டாக்டர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

வெள்ளம் பெருசா தொடாத தெருவான்னும் விசாரிங்க. 2025 மே மழையில பி.டி.எம். பக்கத்துலயே ஒரு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல நின்ன தண்ணிய மோட்டார் வெச்சு இறைக்கும்போது ஷாக் அடிச்சு ரெண்டு பேர் போயிட்டாங்க, அதுல ஒண்ணு சின்னப் பையன். ராஜகாலுவேன்னு இங்க சொல்ற பெரிய மழைநீர்க் கால்வாய் எவ்வளவு தூரத்துல ஓடுதுன்னு நடந்து போய்ப் பாருங்க. 2025 செப்டம்பர்ல மாநகராட்சிய அஞ்சா பிரிச்சிருக்காங்க, இந்தக் கால்வாய் இப்ப எந்த ஆபீஸோட பொறுப்புன்னு கேட்டா இன்னும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டறாங்க, உங்க கண்ணுதான் உங்களுக்கு.

போக்குவரத்துல குழப்பமே இல்ல. 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ வந்துடுச்சு, பி.டி.எம். லேஅவுட் ஸ்டேஷன்ல ஏறினா மாறாம எலெக்ட்ரானிக் சிட்டி. டிராஃபிக்குக்குப் பேர் போன சில்க் போர்டு ஜங்ஷன்ல நிக்க வேண்டியதில்ல.

என்ன கேட்டா பி.டி.எம். வீடுதான், சம்ப் சரியா இருந்து, தனி மீட்டர் இருந்து, மாமனார் ரூம்ல வெயில் வந்தா. இதுல ஒண்ணு இல்லன்னாலும் ஹெப்பகோடிக்கு ஓடாதீங்க, அதே மஞ்சள் லைன் ஸ்டேஷன்களுக்கு நடந்து போற தூரத்துல வேற வீடு தேடுங்க. ஹெப்பகோடி அசோசியேஷன் ஏப்ரல் கணக்க நிஜமாவே குடுத்தா, அதையும் பி.டி.எம். ஓனரோட வாட்டர் போர்டு பில்லையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, நான் படிச்சு எத்தனை டேங்கர் ஓடியிருக்குன்னு சொல்றேன், அதுவரைக்கும் யாருக்கும் டோக்கன் போடாதீங்க.