ரூபாயை கையால டைப் பண்ணாதீங்க, டோட்டல் தானா வரும்

கேள்வி: கல்யாண மண்டபத்துல கணக்கு பாக்குறேன் சார். அட்வான்ஸ், வாடகை, கரண்ட் பில், க்ளீனிங் எல்லாம் எக்ஸெல்லதான் ஏத்துறேன். ஓனர் பாக்குறதுக்கு நல்லா இருக்கட்டும்னு ஒவ்வொரு தொகையையும் ரூ.25,000/- அப்படின்னு டைப் பண்றேன், ஆனா கீழ சம் போட்டா ஜீரோ காட்டுது. இன்னொன்னு, வெறும் நம்பரா 1250000 அடிச்சு கமா பட்டனை அமுக்குனா 1,250,000 னு வருது, ஓனருக்கு அது புரியல. 12,50,000 னு வர வைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனா முதல்ல அந்த ஜீரோவ பாத்துடுவோம், ஏன்னா அதுதான் பெரிய பிரச்சனை.

நீங்க ரூ.25,000/- னு அடிச்சதும் எக்ஸெல் அதை தொகைன்னே எடுத்துக்கல, "அட்வான்ஸ்"னு அடிச்சா எப்படியோ அதே மாதிரி வெறும் எழுத்தா வச்சுக்குது. சம் ஃபார்முலா எழுத்தை எல்லாம் தாண்டிப் போயிடும், எரர் கூட சொல்லாது, கமுக்கமா விட்டுட்டு மிச்சத்தை கூட்டும். உங்களுக்கு எல்லா செல்லும் எழுத்தா இருந்ததால ஜீரோ வந்துச்சு, அது நல்லதுக்குதான்னு சொல்லுவேன். நூறு வரியில நாலு வரி மட்டும் இப்படி இருந்தா என்ன ஆகும்? டோட்டல் ஏதோ ஒரு நம்பர் காட்டும், பாக்க சரியா இருக்கும், நாலு தொகை அதுல இருக்காது. நான் வேலைக்கு சேந்த புதுசுல இப்படித்தான் ரெண்டு வரியில பழக்க தோஷத்துல /- போட்டு வச்சு, வரவு நாப்பதாயிரம் குறையுதுன்னு ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் பில் புக்கை ஒவ்வொண்ணா புரட்டுனோம், கடைசியில தப்பு பில்லுல இல்ல, அந்த ரெண்டு செல்லுலதான் இருந்துச்சு.

அந்த /- செக்குலயும் ரசீதுலயும் பேனாவால எழுதுறப்ப தேவை, பின்னாடி யாரும் இன்னொரு சைபர் சேத்துடக் கூடாதுன்னு போடுறது. எக்ஸெல்ல அதுக்கு வேலையே இல்ல. செல்லுக்குள்ள 25000 மட்டும் அடிங்க, ரூபா, கமா, பைசா எல்லாம் மேல மாட்டுற சட்டை, அதை ஃபார்மட் பாத்துக்கும்.

ஏற்கனவே அடிச்சு வச்சத சரி பண்ண, முதல்ல ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. தொகை இருக்குற காலத்தை (column, மேலருந்து கீழ போற வரிசை) மட்டும் செலக்ட் பண்ணுங்க (செலக்ட் பண்ணாம விட்டா ஷீட் முழுக்க மாத்திடும், அட்ரஸ்ல இருக்குற கமா எல்லாம் காணாம போயிடும்). அப்புறம் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் தொறந்து, மேல ரூ. னு புள்ளியோட சேத்து அடிச்சு கீழ காலியா விட்டு ரீப்ளேஸ் ஆல், அதே மாதிரி /- க்கு ஒரு தடவை, கமாவுக்கு ஒரு தடவை. புள்ளியை மட்டும் தனியா அடிச்சு தூக்கிடாதீங்க, 1500.50 இருந்தது 150050 ஆயிடும், வாடகை ஒரே நொடியில நூறு மடங்கு ஏறிடும்.

இதுக்கப்புறமும் சில செல் நம்பரா மாறலன்னா, அந்த காலம் டெக்ஸ்ட் ஃபார்மட்ல இருக்கும். ஜெனரல்னு மாத்திட்டு, டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் வேற எதையும் தொடாம ஃபினிஷ் குடுங்க, பெரும்பாலும் சரியாயிடும். பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருந்து காப்பி பண்ணின தொகைன்னா இன்னொரு தொல்லை இருக்கு, நம்பருக்கு பின்னாடி கண்ணுக்கு தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும், அது நாம ஸ்பேஸ் பாரை தட்டுனா வர்ற ஸ்பேஸ் இல்ல, அதனால ஃபைண்ட்ல சாதா ஸ்பேஸ் அடிச்சு தேடுனா கிடைக்காது. அந்த செல்லுக்குள்ள போய் அந்த ஸ்பேஸையே மவுஸால பிடிச்சு காப்பி பண்ணி ஃபைண்ட் பெட்டியில பேஸ்ட் பண்ணுங்க.

நம்பர் தானா வலது பக்கம் போய் நிக்கும், எழுத்து இடது பக்கம் நிக்கும். அதனால எல்லாத்தையும் சென்டர் பண்ணி அழகு பாக்காதீங்க, பண்ணினா தப்பு எங்க இருக்குன்னு கண்ணுக்கு தெரியாது.

இப்ப லட்சத்துக்கு வருவோம். ரெண்டு வழி இருக்கு. சுலபமானது விண்டோஸ்லயே மாத்துறது: கன்ட்ரோல் பேனல், ரீஜியன், அடிஷனல் செட்டிங்ஸ், அங்க டிஜிட் குரூப்பிங்னு ஒண்ணு இருக்கும், அதுல 12,34,56,789 மாதிரி இருக்குறத எடுத்து ஓகே குடுத்துட்டு எக்ஸெல்லை மூடி தொறங்க. கமா போட்ட எல்லா நம்பரும் லட்சம் கோடியா மாறியிருக்கும். இதுல ஒரு சிக்கல், இது கம்ப்யூட்டரோட செட்டிங், ஃபைலோடது இல்ல. அதே ஃபைலை உங்க ஆடிட்டர் அவர் கம்ப்யூட்டர்ல தொறந்தா, அங்க இருக்குற செட்டிங் படி மறுபடி மில்லியனா தெரியலாம்.

ஃபைலோடயே போகணும்னா கஸ்டம் ஃபார்மட்தான். காலத்தை செலக்ட் பண்ணி கன்ட்ரோலும் 1-ம் சேத்து அமுக்குங்க, கஸ்டம் போய் டைப்னு இருக்குற இடத்துல இதை அப்படியே போடுங்க:

[>=10000000]"ரூ. "##\,##\,##\,##0.00;[>=100000]"ரூ. "##\,##\,##0.00;"ரூ. "##,##0.00

பாக்க பயமா இருந்தாலும் உள்ள விஷயம் சின்னதுதான். கோடியும் அதுக்கு மேலயும் இருந்தா முதல் துண்டு, லட்சத்துக்கு மேல இருந்தா ரெண்டாவது, மிச்சத்துக்கு மூணாவது. பின்சாய்வு கோடு (\) போட்ட கமா "இந்த இடத்துல கண்டிப்பா கமா வை"ன்னு சொல்றது. 1250000 அடிச்சா ரூ. 12,50,000.00 னு தெரியும், ஆனா மேல ஃபார்முலா பார்ல பாருங்க, 1250000 தான் இருக்கும், சம் போட்டா கூட்டும். ரூ. வேண்டாம் ₹ வேணும்னா கொட்டேஷனுக்குள்ள அதை போட்டுக்கலாம். கூகுள் ஷீட்ஸ்லயும் இதே வேலை செய்யும்.

இதோட குறை என்னன்னா மைனஸ் தொகை. ஃபங்ஷன் கேன்சல் ஆகி ரெண்டரை லட்சம் திருப்பி குடுத்தீங்கன்னா மைனஸ் 250000, அது லட்சத்தை விட சின்னதுதானே, அதனால மூணாவது துண்டுல விழுந்து 250,000 னு பழையபடி வரும். ரீஃபண்டுக்கு தனி காலம் வச்சு பிளஸ்ஸாவே ஏத்துங்க. மண்டப கணக்குக்கு நான் அதைத்தான் சொல்லுவேன், ஓனருக்கும் அது சீக்கிரம் புரியும்.

செல்லுல ####### னு வந்தா பயப்படாதீங்க, காலத்தோட அகலம் பத்தல, மேல A, B னு காலத்துக்கு பேர் இருக்குற எடத்துல, அந்த காலத்தோட எழுத்துக்கு வலது பக்கம் இருக்குற கோட்டுல டபுள் க்ளிக் பண்ணா விரிஞ்சுடும்.

பைசா விஷயம் ஒண்ணு இருக்கு. பத்தாயிரம் க்ளீனிங் செலவை மூணு ஃபங்ஷனுக்கு பிரிச்சு போட்டா ஒவ்வொண்ணும் 3,333.33 னு தெரியும், கால்குலேட்டர்ல கூட்டுனா 9,999.99, ஆனா எக்ஸெல் டோட்டல் 10,000.00 னு காட்டும், ஓனர் கேப்பாரு. ஃபார்மட் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வரைக்கும்தான் காட்டுது, உள்ள 3333.333333 னு முழுசா இருக்கு. வகுக்குற எடத்துல ரவுண்ட் ஃபார்முலா போட்டு ரெண்டு டெசிமல்ல நிறுத்துங்க, மிச்சம் வர்ற ஒரு பைசாவை கடைசி பார்ட்டி தலையில கட்டுங்க, எல்லா ஆபீஸ்லயும் அதுதான் நடக்குது.

எல்லாம் மாத்தி முடிச்சதும் தொகை காலத்துக்கு கவுண்ட் ஃபார்முலா ஒண்ணு, கவுண்ட்ஏ ஒண்ணு பக்கத்து பக்கத்துல போடுங்க, தலைப்பு செல்லை சேக்காதீங்க. முதலாவது நம்பரை மட்டும் எண்ணும், ரெண்டாவது எழுத்தையும் சேத்து எண்ணும். ரெண்டும் ஒண்ணா இல்லன்னா எங்கயோ ஒரு /- ஒளிஞ்சிருக்கு. போன வருஷ ஃபைலையும் தொறந்து இதே மாதிரி ஒரு தடவை பாத்துடுங்க, அதுல ஜீரோ வராம ஏதோ ஒரு டோட்டல் வந்திருந்தா இன்னும் முக்கியமா பாருங்க.