தேங்காய் சூரியன், கசகசா பூமி: பிள்ளைகளோடு சூரியக் குடும்பம் செய்ய ஒரு கேள்வி பதில்

பெங்களூர் அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வானியல் விளையாட்டுகள் செய்து வருகிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, பள்ளியில் சூரியக் குடும்ப மாடல் கேட்டிருக்கிறார்கள். தெர்மாகோல் பந்து வாங்கலாமா? (ராமமூர்த்தி நகர்)

வாங்கலாம். ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். முதல் வருடம் எங்கள் வியாழன் அப்படித்தான் ஒரு பக்கம் குழிந்து போனது, செய்த பிள்ளை அழுதுவிட்டாள். போஸ்டர் கலரே போதும்.

சனிக்கு வளையம் செய்யப் பழைய சிடி ஒன்றை எடுங்கள். 5 செ.மீ. பந்தை இரண்டாக வெட்டி, சிடியின் இரு பக்கமும் ஒட்டுங்கள். சிடியின் அகலம் 12 செ.மீ. நிஜத்திலும் சனியின் முக்கிய வளையங்கள் கிரகத்தைப் போல இரண்டேகால் மடங்கு அகலம்தான், அதனால் அளவு கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும்.

புத்தகத்தில் எல்லாக் கிரகங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சரியான அளவில் வீட்டிலேயே செய்ய முடியுமா? (ஒயிட்ஃபீல்டு)

முடியும். நான் மிகவும் விரும்பிச் செய்வது இதைத்தான். அந்தப் படம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டால் அழிப்பது கஷ்டம், நடந்து பார்த்தால்தான் மாறும்.

உரித்த தேங்காய் ஒன்று, சுமார் 11 செ.மீ. அகலத்தில் எடுங்கள். அதுதான் சூரியன். சூரியனின் குறுக்களவு பூமியைப் போல 109 மடங்கு. ஆகவே பூமி 1 மி.மீ., ஒரு கசகசா. வெள்ளியும் கசகசாதான். புதனுக்கும் செவ்வாய்க்கும் ரவைத் துகள், வியாழனுக்குக் கொண்டைக்கடலை, சனிக்கு அதைவிடக் கொஞ்சம் சிறிய கடலை, யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் மிளகு. ஒவ்வொன்றையும் ஃபெவிகால் வைத்து ஓர் அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தேங்காயை வாசலில் வைத்துவிட்டு நடங்கள். புதன் நாலரை மீட்டரில், வெள்ளி எட்டரையில், பூமி 12 மீட்டரில், செவ்வாய் 18-ல். அப்புறம்தான் பிள்ளைகள் திகைப்பார்கள். வியாழன் 61 மீட்டர், சனி 112, யுரேனஸ் 226, நெப்டியூன் 355 மீட்டர். சின்னக் கால்களுக்கு அது எழுநூறு காலடிக்கு மேல்! தெருவில் வண்டி அதிகம் என்றால் கப்பன் பார்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

பூமியில் நிற்கும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கசகசாவிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒரு பேனாப் புள்ளி வையுங்கள், அது நிலா. மனிதன் இதுவரை போய் வந்த தூரம் அந்த 3 செ.மீ.தான். அங்கிருந்து தேங்காயைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வானத்தில் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, தேங்காயும் அதே அளவில் தெரியும். நெப்டியூன் மிளகின் பக்கத்தில் நின்று பார்த்தால் தேங்காய் வெறும் புள்ளி, கண்டுபிடிப்பதே சிரமம். சூரியனும் அங்கிருந்து அளவில் ஒரு புள்ளிதான், ஆனால் பளிச்சென்று ஒளிரும்.

பக்கத்து நட்சத்திரம் எங்கே என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அதன் பெயர் பிராக்சிமா. இந்தக் கணக்கில் அது ஒரு பெரிய சுண்டைக்காய், 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால்.

பாட்டி ஒன்பது கிரகம் என்கிறார், புத்தகத்தில் எட்டு. பையன் யாரை நம்புவது? (சிவாஜி நகர்)

பாட்டி சொல்வது வேறு பட்டியல். கோயில் நவகிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி கிடையாது. தொலைநோக்கி வந்த பிறகு, 1781-லும் 1846-லும் கண்டறியப்பட்ட யுரேனஸும் நெப்டியூனும் அதில் இல்லை. புளூட்டோ 2006-ல் குள்ளக் கிரகமானது, அதனால் புத்தகத்தில் எட்டு.

ராகு, கேது என்னவென்று காட்ட இரண்டு வளையல் போதும். ஒன்றைச் சற்றுச் சாய்த்து மற்றதோடு சேர்த்துப் பிடியுங்கள். ஒன்று வானத்தில் சூரியனின் பாதை, இன்னொன்று நிலாவின் பாதை. இரண்டும் சந்திக்கும் இரு புள்ளிகளே ராகு கேது. அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நேர்ந்தால்தான் கிரகணம். பாட்டியையும் கூட உட்கார வையுங்கள், அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

நிழல் இல்லா நாள் என்கிறார்களே, டெல்லியில் இருக்கும் என் தங்கை பிள்ளைகளும் செய்யலாமா? (கே.ஆர். புரம்)

சூரியன் நேர் உச்சியில் நிற்க, நேரான பொருளின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும் நாள் அது. டெல்லியில் அது வரவே வராது. கடக ரேகைக்கு வடக்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதில்லை. நமக்கு ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் என வருடத்தில் இரண்டு முறை. பகல் 12:15 முதல் மொட்டை மாடியில் நேரான ஒரு டப்பாவை நிறுத்திக் கவனியுங்கள். ஆகஸ்டில் மேகம் ஏமாற்றலாம், ஏப்ரலை விட்டுவிடாதீர்கள். தங்கை வீட்டில் அதே நேரத்தில் அதே உயர டப்பாவின் நிழலை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பூமி உருண்டை என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கோளரங்கம் போகலாமா? (ஜாலஹள்ளி)

ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தில் காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. தேங்காய் நடை முடிந்த பிறகு போங்கள், இன்னும் நன்றாகப் புரியும்.

எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகச் சூரியனைப் பார்க்கலாமா அண்ணி? (எலக்ட்ரானிக் சிட்டி)

கூடவே கூடாது, கண் போய்விடும். சுவரில் பாருங்கள். சின்னக் கண்ணாடி ஒன்றைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, நடுவில் 5 மி.மீ. ஓட்டை விடுங்கள். வெயிலில் வைத்து, அந்த ஒளியை 10 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் விழச் செய்யுங்கள். கண்ணாடிக்குள் யாரும் பார்க்கக் கூடாது. சுவரில் 9 செ.மீ. அகலத்தில் வட்டமாகச் சூரியன் தெரியும். மேகம் கடந்தால், அந்த வட்டத்தின் மேல் அதுவும் மெல்ல நகர்ந்து போகும்.