விளக்கு அணைந்தால் போதுமா?

கேள்வி: என் பெட்ரோல் காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்ததில் பி0456 என்று வந்தது, பெட்ரோல் ஆவி எங்கோ கொஞ்சமாகக் கசிகிறது என்றார் மெக்கானிக். பர்ஜ் வால்வை (அந்த ஆவியை என்ஜினுக்குள் விடும் வால்வு) மாற்றி, குறியீட்டையும் அழித்துக் கொடுத்துவிட்டார். இப்போது விளக்கு எரியவில்லை. வேலை சரியாக முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விளக்கை அணைத்தது புது வால்வு இல்லை, ஸ்கேனர். குறியீட்டை அழித்தால் கசிவு அப்படியே இருந்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும்.

குறியீட்டை அழிக்கும்போது காரின் கணினி, தான் செய்து வைத்த சோதனை முடிவுகளையும் சேர்த்து மறந்துவிடும். ஸ்கேனரில் எந்தச் சோதனை முடிந்தது என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஈவாப் (பெட்ரோல் ஆவி அமைப்பு) என்ற இடத்தில் 'முடியவில்லை' என்று இருக்கும். அது 'முடிந்தது' என்று மாற வேண்டும், கூடவே பெண்டிங் (இன்னும் உறுதியாகாத கோளாறுகள்) பகுதியில் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சோதனையில் தோற்றாலும் 'முடிந்தது' என்று காட்டலாம், பெரும்பாலான கார்களில் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால்தான் விளக்கு எரியும், முதல் தோல்வி பெண்டிங்கில் மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இந்தச் சோதனை நினைத்த நேரத்தில் ஓடாது. பி0456 என்பது சுமார் அரை மில்லிமீட்டர் ஓட்டை சமாசாரம். டேங்க் சூடாக இருந்தால் பெட்ரோல் தானே ஆவியாகி அழுத்தத்தை மாற்றிவிடும், அவ்வளவு சின்னக் கசிவைக் கணினியால் பிரித்தறிய முடியாது. அதனால் வண்டி பல மணி நேரம் நின்று ஆறியிருக்க வேண்டும், பெட்ரோலும் பொதுவாக 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வேலை முடிந்த சந்தோஷத்தில் டேங்கை நிரப்பிவிடாதீர்கள்! பாதி டேங்குடன் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் எடுத்துச் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சில கார்கள் என்ஜினை அணைத்த பிறகுதான் சோதிக்கும், உங்கள் மாடலின் நிபந்தனைகள் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில நாள் ஆகலாம்.

அதுவரை பொறுக்க முடியாது என்றால் ஸ்மோக் டெஸ்ட். வென்ட் வால்வை (வெளிக்காற்று வரும் வழி) மூடிவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆவி அமைப்புக்குள் புகையைச் செலுத்துவார்கள். பெட்ரோல் மூடியின் ரப்பர், நிரப்பும் குழாயின் கழுத்து, கேனிஸ்டரின் (ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா) ஹோஸ் இணைப்புகள், இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தால் நூல் போலப் புகை எழும். (டயருக்கு அடிக்கும் காற்றை அப்படியே விட்டுச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள், நன்றாக இருக்கும் பாகமும் போய்விடும்.)

உங்களுக்கு மாற்றியது பர்ஜ் வால்வு என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த வால்வு உள்ளுக்குள் கசிந்தால் புகை வெளியே வராது, என்ஜின் பக்கம் போய்விடும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது, ஸ்கேனர் மூலம் வால்வை மூடச் சொல்லிவிட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வையுங்கள். உறிஞ்சக் கூடாது.

அப்புறம், வால்வை மாற்றும் முன் ஸ்மோக் டெஸ்ட் செய்தாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். செய்யவில்லை, அந்த வால்வைத் தனியாகவும் சோதிக்கவில்லை என்றால் அது வெறும் ஊகம்தான், பி0456-க்குப் பெட்ரோல் மூடியே காரணமாக இருந்த வண்டிகள் ஏராளம். பெண்டிங்கில் அதே எண் மறுபடி வந்தால் அழிக்க விடாதீர்கள், அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.