த்ரூவில் வழியே தோவில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சின் நார்மண்டிக் கடற்கரை பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். என் மகள் பாரிஸில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் நானும் கணவரும் அவளிடம் போகிறோம். ஒருநாள் தோவில் போய்வர எனக்கு ஆசை. "அங்கே கேசினோ, குதிரைப் பந்தயம், விலை கூடிய கடைகள், அவ்வளவுதான். பணக்காரர்கள் ஊரில் நமக்கு என்ன வேலை?" என்கிறாள் மகள். சும்மா நடந்து பார்க்க அங்கே ஏதாவது உண்டா? எங்கிருந்து தொடங்குவது? கணவருக்கு முழங்கால் வலி இருப்பதால் மேடு ஏறி இறங்க முடியாது.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

அவசியம் போங்கள். மகள் சொன்ன மூன்றும் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஊரே நாலு பேர் பார்க்க வேண்டும் என்று கட்டிய ஊர். அங்கே வீடு கட்டியவர்கள் கடலைப் பார்க்க வந்தது பாதி, தாங்கள் கண்ணில் பட வந்தது பாதி. கூரை, பலகணி, மரச்சட்டம் என்று அவர்கள் கொட்டிய பணமெல்லாம் தெருவைப் பார்த்த முகத்தில் இருக்கிறது. தெருவில் நடந்து போகிறவருக்கு அது முழுக்கக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். தோவிலை முதலில் பார்க்காதீர்கள். பாரிஸ் சான் லசார் நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம். இறங்கும் நிலையத்துக்கே த்ரூவில்-தோவில் என்று இரண்டு ஊரின் பெயரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே தூக் என்ற சிறிய ஆறு. நிலையம் தோவில் கரையில் இருக்கிறது. நீங்கள் பெல்ஜியர் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள். 1944 ஆகஸ்டில் இந்தப் பகுதியை மீட்ட பெல்ஜியப் படைப்பிரிவின் நினைவாக வைத்த பெயர் அது.

த்ரூவில் பழைய மீனவர் ஊர். ஆற்றங்கரையிலேயே மீன் அங்காடி. மரச்சட்டம் வைத்த அந்தக் கட்டடம் 2006இல் தீப்பிடித்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. வேகவைத்த சிறு இறாலை வாங்கி அங்கேயே நின்று சாப்பிடலாம். 1820களில் ஓவியர்கள் முதலில் வந்தார்கள், அவர்கள் படத்தைப் பார்த்துப் பாரிஸ்காரர்கள் வந்தார்கள். அங்காடியைத் தாண்டிக் கடற்கரைப் பலகை நடைபாதையில் ஏறினால் ஒரு பக்கம் மணல், மறுபக்கம் ஒன்றைப் போல ஒன்று இல்லாத மாளிகைகள். 1860களில் யூஜின் பூதான் இந்த மணலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த குடைப்பாவாடைச் சீமாட்டிகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1870 கோடையில் மோனே வந்தார், அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் இங்கே வரைந்த ஒரு படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதன் சாயத்தில் இந்தக் கடற்கரை மணல்துகள்கள் ஒட்டியிருக்கின்றன. காற்றில் நின்றே வரைந்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நடைபாதையின் கடைசியில் நிற்கும் ரோஷ் நுவார் கட்டடத்தையும் அதே கோடையில் அவர் வரைந்தார். அது அன்று விடுதி, இன்று குடியிருப்பு. அதுவரை நடப்பது முழுக்கச் சமதளம். ஊருக்குப் பின்னால் ஏறும் சந்துகளும் படிக்கட்டுகளும் அழகானவைதான், ஆனால் இந்தமுறை உங்கள் கணவருக்கு வேண்டாம்.

இப்போது தோவில். ஆற்றின் முகத்துவாரத்தில், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் சிறு படகு ஆளைக் கடத்திவிடும். வற்றியிருந்தால் நடைபாலம் வெளியே தெரியும். இரண்டும் இல்லாத வேளையானால் வந்த பாலமே போதும்.

கடந்ததும் தெருக்கள் நேராகிவிடும். காரணம், இது ஒரு சதுப்பு நிலத்தில் கோடு போட்டு உண்டாக்கிய ஊர். அன்றைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குத் தாய் ஒன்று, தந்தை வேறான சகோதரர் மோர்னி பிரபு, ஒரு மருத்துவர், ஒரு வங்கியாளர் என்று சிலர் சேர்ந்து 1860 வாக்கில் மணலையும் சேற்றையும் வாங்கினார்கள். 1863இல் ரயில் வந்தது, 1864இல் பந்தயத் திடல் வந்தது. 1865இல் மோர்னி இறந்துபோனார். அடுத்த பத்தாண்டில் மணல் சேர்ந்து கடலே பின்வாங்கிவிட்டது! அலைக்கு நேரெதிரே கட்டிய மாளிகைகளுக்கு முன்னால் வெறும் நிலம் கிடந்தது. தோவிலில் வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே இன்று இத்தனை தோட்டங்களும் டென்னிஸ் திடல்களும் இருப்பது இதனால்தான். காரில் போகிறவருக்கு இது விளங்காது. மாளிகை வரிசையிலிருந்து மணல்வரை காலால் அளந்தால்தான் அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியும். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த நடை அதுதான்.

ஊருக்கு மறுவாழ்வு வந்தது 1912இல். கேசினோவும் நார்மண்டி விடுதியும் அந்த ஆண்டு திறந்தன. மறு ஆண்டு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் இங்கே கடை போட்டார். பிரபலமான பலகை நடைபாதை 1923இல் வந்தது, 643 மீட்டர் நீளம். அதை ஒட்டி, கடலில் குளிப்பவர்கள் உடை மாற்றும் அறைகளின் வேலித் தட்டிகளில் ஹாலிவுட் நடிகர்கள், இயக்குநர்கள் பெயர்கள் எழுதியிருக்கும். எல்லாரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே நேரத்தைச் செலவழித்துவிடாதீர்கள். உள்தெருக்களுக்குத் திரும்பி அண்ணாந்து பாருங்கள். கூரை உச்சிகளில் பளபளக்கும் சுடுமண் கொம்புகள், சிலவற்றில் பறவை, பூனை. பக்கத்து ஓஜ் பகுதிக் குயவர்களின் பழைய கைவேலை அது.

உட்கார இடம் வேண்டுமென்றால் காபிக் கடையைத் தேட வேண்டியதில்லை. பழைய கன்னிமாடம் ஒன்றை லே ஃபிரான்சிஸ்கேன் என்ற பெயரில் நூலகமும் கலைக்கூடமுமாக மாற்றி 2021இல் திறந்தார்கள். கூரை போட்ட அதன் முற்றத்தில் யார் வேண்டுமானாலும் போய் அமரலாம். பணக்காரர்கள் ஊர் என்று சொல்லும் உங்கள் மகளை முதலில் அங்கே கூட்டிப்போங்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்கத் திரைப்பட விழா நடக்கும், 1975 முதல் நடப்பது. கூட்டம் தாங்காது. மாதத்தின் பிற்பாதியில், வாரநாளில் போங்கள். கிளம்பும் முன் அன்றைய கடல்வற்று நேரத்தை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்; ஆற்றைப் படகில் கடப்பதா நடந்து கடப்பதா என்பது அதைப் பொறுத்ததுதான்.