எதிரயனியை மாற்றினால் ஒளிரும் பாலிமரில் வெளிச்சம் கூடுமா?

பாலிமர் சங்கிலி அதேதான், அதன் மின்னூட்டத்தைச் சமன்செய்யக் கூட வரும் அயனியை, அதாவது எதிரயனியை மட்டும் மாற்றினால் வெளிச்சம் எப்படிக் கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் புரோமைடு பாலிமரை வைத்துக்கொண்டு தவிக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் ஒன்றரை வருடம் தவித்தவன்.

என்னுடையது புளோரீன் (fluorene), பென்சோதயாடையசோல் என்ற இரண்டு கரிம வளைய அலகுகள் மாறி மாறி வரும் பாலிமர். பக்கக் கிளை நுனிகளில் அமோனியம், அதைச் சமன்செய்யப் புரோமைடு. மெத்தனாலில் கரைத்துப் புற ஊதா விளக்கில் பிடித்தால் பளிச்சென்று ஒளிரும். கண்ணாடியில் படலமாகப் பூசியதும் அழுது வடியும். சுத்தம் போதவில்லை என்றார் வழிகாட்டி. மூன்று முறை திரும்பத் தயாரித்தேன்.

அப்புறம்தான் 2006இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு கண்ணில் பட்டது. இதே வகைப் பாலிமரில் புரோமைடு தொடங்கி, ஃபுளோரின் (fluorine) அணுக்கள் நிறைந்த, போரானை நடுவில் கொண்ட பெரிய போரேட் அயனி வரை மாற்றிப் பார்த்திருந்தார்கள். அயனி பெரிதாகப் பெரிதாகப் படலத்தின் ஒளிர்திறன் ஏறியிருந்தது. சின்ன அயனி என்றால் சங்கிலிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதி ஒளியாகாமல் வீணாகும். பெரிய அயனி நடுவில் உட்கார்ந்து சங்கிலிகளை விலக்கி வைக்கும்.

அந்தப் போரேட் உப்பு ஒரு கிராம் வாங்க மூன்று கொட்டேஷன், நாலரை மாதம். உதவித்தொகைக்குக் கெடு வைப்பவர்கள் இந்த நாலரை மாதத்தைக் கழித்துக்கொள்வதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உப்பு வந்ததும் புரோமைடை எடுத்துவிட்டுப் போரேட்டை ஏற்றிப் புதுப் படலம் பூசினேன். பழைய படலத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டேன். எட்டிப் பார்த்த ஜூனியர், "அண்ணா, இது வேற பாலிமரா?" என்றான். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

பெரிய அயனிதான் எப்போதும் நல்லது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1995இல் பெய், ஹீகர் குழு செய்தது போன்ற ஒளி உமிழும் மின்வேதிக் கலம், அதாவது மின்சாரம் கொடுத்தால் ஒளிரும் பாலிமர் விளக்கு, வேறு கதை. அதில் ஒளிரும் பாலிமரோடு, அயனிகள் நகர வழிவிடும் பாலிஎத்திலீன் ஆக்சைடும் லித்தியம் உப்பும் கலந்திருக்கும். அயனிகள் மின்முனைப் பக்கம் நகர்ந்தால்தான் விளக்கே எரியும். பெரிய அயனி மெதுவாக நகர்ந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

நீங்கள் மாற்றிப் பார்ப்பதானால், அயனி மாற்றிய பாலிமரைக் கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். கலங்கினால் புரோமைடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கழுவுங்கள். எனக்கு ஆறாவது தடவைதான் தெளிந்தது.