மாடல் ரயில்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

14 வருடமாக எச்.ஓ ஸ்கேலில் (நிஜத்தை 87ல் ஒரு பங்காகச் சுருக்குகிற அளவு) நம்ம ஊர் ரயில்களைச் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு லேஅவுட் (பாதை, ஸ்டேஷன் எல்லாம் சேர்ந்த மாடல் அமைப்பு) கட்டினேன், அதில் ஒன்றை நானே பிரித்தும் போட்டேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வரிசையெல்லாம் பார்க்கவில்லை.

கே: சார், என் பையனுக்கு 9 வயது. நாள் முழுக்க ரயில் பேச்சுதான். பிறந்தநாளுக்கு ஒரு செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஹாலில் இடம் கம்மி, எந்த ஸ்கேல் வாங்குவது?

ப: எச்.ஓ வாங்குங்கம்மா. இடம் இல்லையென்றால் 'N' (என்) என்கிற ஸ்கேல்தான் என்று யாராவது சொல்வார்கள். அது 1:160, ஒரு பெட்டியே விரல் தடிமன்தான் இருக்கும், எட்டுச் சக்கரத்தையும் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதற்குள் பிள்ளைக்கு அழுகை வந்துவிடும். எச்.ஓ 1:87, கைக்கு அடங்கும். செட்டோடு வருகிற வளைவு பெரும்பாலும் 18 அங்குல ஆரம். வட்டமே 36 அங்குலம், இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டால் 4 அடி அகலம் வேண்டும். 8க்கு 4 பிளைவுட் ஒரு ஷீட் வாங்கி, அடியில் சட்டம் அடித்து, வேண்டாத நேரத்தில் சுவரோரம் நிறுத்தி வையுங்கள். தரையில் மட்டும் ஓட்ட விடாதீர்கள். நம்ம வீட்டுத் தரையில் கிடக்கிற தலைமுடி எஞ்சினின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இப்படி நின்றுபோன எஞ்சின் ஒன்றைப் பிரித்து, ஊசியால் ஒரு மணி நேரம் முடி எடுத்திருக்கிறேன்.

கே: நம்ம பிராட்கேஜுக்குச் சரியான அளவில் எச்.ஓ தண்டவாளம் கடையில் கிடைக்குமா?

ப: கிடைக்காது. கடையில் கிடைக்கிற எச்.ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மி.மீ பாதையை 87ஆல் வகுத்தால் வருவது அதுதான். நம்முடையது 1676 மி.மீ, வகுத்தால் 19.3 வரும். கிட்டத்தட்ட 3 மி.மீ குறைகிறது. பெட்டியின் அகலம் 37 மி.மீ இருப்பதால் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேர் முன்னாலிருந்து பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிய ஆள் மாதிரி கால் ஒல்லியாகத் தெரியும்.

சரியாகத்தான் வேண்டும் என்பவர்கள் தண்டவாளத்தைத் தனியாக வாங்கி, சிலீப்பர் கட்டையைத் தாங்களே வெட்டி, ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். பாயிண்டையும் (பாதை பிரிகிற இடம்) கையாலேயே செய்ய வேண்டும், சக்கரங்களின் அச்சையும் மாற்ற வேண்டும். நானும் தொடங்கினேன். ஒன்றே கால் அடி பாதை முடிப்பதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. ஒரு நாள் சீட்டியடித்துக்கொண்டே எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, 16.5லேயே ஓட்டுகிறேன். அந்த 3 மி.மீக்காக ரயிலே ஓடாமல் கிடப்பதை விட இது மேல்.

கே: அண்ணா, நான் பாலிடெக்னிக் படிக்கிறேன். ஐ.சி.எஃப் பெட்டி ஒன்றை முழுசாக நானே செய்யணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ப: தம்பி, முதலில் எந்த வருடத்துப் பெட்டி என்று முடிவு பண்ணு. எல்லாரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். செங்காவி நிறப் பெட்டி ஒரு காலம், நீலப் பெட்டி 90களில் ஏர் பிரேக்கோடு வந்த காலம். இரண்டையும் கலந்து அடுக்கினால் தெரிந்தவன் கண் அங்கேதான் போகும். பெரம்பூர் இன்டக்ரல் கோச் ஃபேக்டரியில், அதாவது ஐ.சி.எஃபில், 1955ல் தொடங்கிய இந்த டிசைனை 2018ல்தான் நிறுத்தினார்கள், அதனால் உனக்கு அறுபது வருடத்தில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நிஜப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ, அகலம் 3245. உன் மாடலில் 245க்கு 37 மி.மீ. பக்கச் சுவருக்கு 1 மி.மீ ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஷீட் நல்லது, அது கிடைக்காவிட்டால் சன்போர்டு மேல் தோலை உரித்துப் பழகிப் பார், முதல் பெட்டி எப்படியும் குப்பைக்குத்தான் போகும். ஜன்னலை ஒவ்வொன்றாக அளந்து வெட்டாதே. ஒரு ஜன்னல் அளவில் தகரத்தில் அச்சு செய்துகொண்டு அதை நகர்த்தி நகர்த்திக் கோடு போடு, அப்போதுதான் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஜன்னல் கம்பிதான் உயிரை வாங்கும். வீட்டு வயரைச் சீவினால் உள்ளே வருகிற செப்பு இழையை இழுத்து நிமிர்த்தி ஒட்டலாம், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு ஸ்லீப்பர் பெட்டிக்கு எத்தனை கம்பி என்று எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கு. நான் செய்வது வேறு. பழைய ஓ.எச்.பி ஷீட்டில் (கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் தாள்) ஊசியால் கிடைக்கோடு கீறி, அதன்மேல் சாம்பல் நிற பெயிண்டைத் தடவி உடனே துடைத்துவிடுவேன். கீறலில் மட்டும் நிறம் நிற்கும். ஒரு அடி தள்ளி நின்றால் கம்பிதான்.

சக்கரத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஐ.சி.எஃப் சக்கரம் 915 மி.மீ, அமெரிக்கப் பயணப் பெட்டிக்கு 36 அங்குலம், இரண்டும் ஒன்றே. அதனால் 36 அங்குலச் சக்கரம் என்று கேட்டு வாங்கினால் 10.5 மி.மீ விட்டத்தில் அப்படியே பொருந்தும்.

அப்புறம் எடை. இதை விட்டுவிட்டுத்தான் பல பேர் பெட்டி கவிழ்கிறது என்று வருகிறார்கள். அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கம் எச்.ஓவுக்குச் சொல்கிற கணக்கு, அடிப்படையாக 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். உன் பெட்டிக்கு 165 கிராம் வரும். ஸ்டைரீன் உடல் அதில் பாதிகூட இருக்காது. மீதிக்குத் தரையில் இரும்பு வாஷர்களைப் பரப்பி ஒட்டு, ஒரே பக்கம் குவிக்காதே.

கே: டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினுக்கு மோட்டாரும் நாமே செய்யணுமா?

ப: வேண்டவே வேண்டாம். அந்த எஞ்சினே அமெரிக்க ஆல்கோ கம்பெனி டிசைன். முதலில் 1962ல் அங்கிருந்து வந்தது, 1964லிருந்து வாரணாசியில் செய்தார்கள். ஆகவே ஆல்கோவின் ஆறு அச்சு மாடல் எஞ்சின் ஒன்று பழசாகக் கிடைத்தால் அதன் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு மேல் உடலை மட்டும் 3டி பிரிண்ட் செய்யுங்கள். போகியில் (சக்கரங்களைத் தாங்கித் திரும்புகிற அடிச்சட்டம்) மூன்று அச்சுக்கும் நடுவில் உள்ள தூரம் சமமாக இருக்காது, அது நிஜத்திலும் அப்படித்தான், தப்பாக வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீளம் 17.12 மீட்டர், மாடலில் 197 மி.மீ.

கே: எல்.எச்.பி பெட்டி 12 இழுத்தால் வளைவில் நடுப் பெட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்து விழுகின்றன. தண்டவாளத்தை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

ப: தண்டவாளத்தின் மேல் குற்றமில்லை. எல்.எச்.பி, அதாவது ஐ.சி.எஃப் டிசைனுக்குப் பிறகு வந்த புது வகைப் பெட்டி, 23.54 மீட்டர், மாடலில் 271 மி.மீ. பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால்தான் நிம்மதியாகத் திரும்பும் என்பது அனுபவக் கணக்கு. 812 மி.மீ, ஏறக்குறைய 32 அங்குலம். நீங்கள் 18லோ 22லோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கயிற்றின் இரண்டு நுனியையும் இழுத்தால் அது நேர்கோடாகப் பார்க்கும் அல்லவா, முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் பெட்டிகள் பாரமாக இருக்க, நடுவில் இருப்பது குறுக்கு வழி தேடி உள்ளே சாயும். லேசான பெட்டி எதுவோ அதுதான் முதலில் போகும்.

இடம் இல்லாமல் 32 போட முடியாவிட்டால் கப்ளிங்கை (பெட்டிகளை இணைக்கிற கொக்கி) உடலிலிருந்து எடுத்துப் போகியில் மாட்டுங்கள், போகியோடு சேர்ந்து திரும்பும். எடையைச் சரி பண்ணுங்கள். பெட்டிகளைத் தராசில் வைத்து, கனமானவை எஞ்சினுக்குப் பக்கம், லேசானவை கடைசியில் என்று அடுக்குங்கள். அதுவும் போதாவிட்டால் 12ஐ 6 ஆக்குங்கள். வீட்டுக்குள் 6 பெட்டியே எக்ஸ்பிரஸ் மாதிரிதான் தெரியும்.

கே: ஜல்லி எங்கே வாங்குகிறீர்கள்? ஆன்லைனில் விலை அதிகம்.

ப: வீடு கட்டுகிற இடத்தில் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்கினேன், காசு வாங்கவில்லை. நிஜ ஜல்லி 65 மி.மீ, 87ஆல் வகுத்தால் முக்கால் மி.மீ. டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை இன்னும் சன்னமான வடிகட்டியில் மறுபடி சலித்தால், இரண்டாவதில் தங்குவதுதான் நமக்கு வேண்டியது. கழுவி வெயிலில் காய வைத்தபின், பிளாஸ்டிக் கவரில் ஒரு காந்தத்தைச் சுற்றி மணல் முழுக்கத் தடவுங்கள். கறுப்பாக மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் ஒட்டினால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் பிறகு ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு ஃபெவிகாலும் தண்ணீரும் சம பங்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் உருண்டையாக மேலேயே நிற்கும். இங்க் ஃபில்லரால் விடுங்கள். பாயிண்ட் அசைகிற இடத்தில் மட்டும் கையை அடக்குங்கள்.

கே: மொட்டை மாடி அறையில் லேஅவுட் வைக்கலாமா?

ப: வைத்தேன். பிரித்துப் போட்டேன் என்று சொன்னேனே, அந்த லேஅவுட்தான். டிசம்பரில் பாதை போட்டேன், 12 அடி நேர் பாதை, மூட்டுகளையெல்லாம் இடைவெளி விடாமல் சால்டர் செய்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மே மாதம் மத்தியானம் கதவைத் திறந்தால் நட்டநடுவில் பாதை பாம்பு மாதிரி ஒரு பக்கம் வளைந்து, சிலீப்பரோடு மேலே எழும்பி நிற்கிறது. 20 டிகிரி சூடு கூடினால் 12 அடி தண்டவாளம் நீளுவது ஒரு மி.மீக்குச் சற்று மேல்தான். ஆனால் நீள இடமில்லாமல் அந்த ஒரு மி.மீ பக்கவாட்டில் போகும்போது சென்டிமீட்டர் கணக்கில் தெரியும்.

இப்போது மீட்டருக்கு ஒரு மூட்டைச் சால்டர் செய்யாமல் விடுகிறேன். குளிர்காலத்தில் போட்டால் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி, மே மாதத்தில் போட்டால் கிட்டத்தட்ட ஒட்டியே. மின்சாரம் தொடர வேண்டும் என்பதற்காக அந்த மூட்டின் மேல் சின்ன வயர் ஒன்றை வளைவாக விட்டுப் பற்றவைக்கிறேன். மாடி அறைதான் இருக்கிறது என்றால் வையுங்கள், மேலே ஷீட் கூரை என்றால் வேண்டாம்.

கே: டிசியா, டிசிசியா? என் எஞ்சின் தூரத்து மூலையில் போனால் திணறுகிறது.

ப: ஒரு எஞ்சின்தான் என்றால் 12 வோல்ட் டிசி (நேர் மின்சாரம்) போதும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் தனித்தனி வேகத்தில் போக வேண்டுமென்றால் டிசிசி, அதாவது ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனியாகக் கட்டளை அனுப்புகிற டிஜிட்டல் முறை. திணறுவதற்கு இரண்டிலும் ஒரே காரணம்தான், மின்சாரம் தண்டவாள மூட்டுகளை நம்பிப் போகிறது. மேஜைக்கு அடியில் 1.5 ஸ்கொயர் எம்.எம் வயர் இரண்டைச் சுற்றிலும் ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்தில் சின்ன வயரால் மேலே இணைத்துவிடுங்கள். டிசிசியாக இருந்தால் அதன்பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். எந்த மூலையில் வைத்தாலும் கண்ட்ரோலர் உடனே துண்டிக்க வேண்டும். எங்கே துண்டிக்கவில்லையோ அங்கே வயர் போதவில்லை. அந்த இடத்தில் பெட்டி கவிழ்ந்து ஷார்ட் ஆனால் பிளாஸ்டிக் உருகும்.

கே: அண்ணை, நான் யாழ்ப்பாணம். யாழ் தேவி ரயிலைச் செய்யோணும் எண்டு கனநாள் ஆசை. உங்கட கணக்கு எங்களுக்கும் சரிவருமோ?

ப: சரிவரும். உங்கள் ஊரிலும் 1676 மி.மீதான், அந்த 3 மி.மீ தலைவலி உங்களுக்கும் உண்டு. எஞ்சினுக்கு எம்-2 வகையை எடுங்கள். 1950களில் கனடா கொடுத்தது, ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பம், அதனால் அடிப்பாகம் தேடுவது சுலபம். ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா என்று மாகாணப் பெயர் எழுதியிருக்குமே, அந்தப் பெயர்ப்பலகையைச் சின்னதாக அச்சடித்து ஒட்டிவிட்டால் பார்த்ததும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

கே: ஊட்டி ரயில்? பாம்பன் பாலம்?

ப: இரண்டையும் பத்து பேருக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள். ஊட்டி ரயில் மீட்டர்கேஜ், 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. ஸ்விட்சர்லாந்து மலை ரயில்களுக்காக எச்.ஓ.எம் என்று 12 மி.மீ பாதை விற்கிறார்கள், ஆக பிராட்கேஜை விட இதில்தான் அளவு நெருங்கி வருகிறது. ஆனால் கல்லாறுக்கு மேல் ஏற்றம் 12க்கு 1, மீட்டருக்கு 8 செ.மீக்கு மேல். சாதாரண மாடல் எஞ்சின் 2 செ.மீக்கே மூச்சு வாங்கும். பல் தண்டவாளமும் பல்சக்கர எஞ்சினும் ஐரோப்பாவில் கிடைக்கின்றன, விலையைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். எஞ்சினை மேட்டுப்பாளையம் பக்கம், கீழ் நுனியில் மாட்டுங்கள். அது இழுக்காது, தள்ளும்.

பழைய பாம்பன் பாலம் 2 கி.மீக்கு மேல், எச்.ஓவில் கிட்டத்தட்ட 24 மீட்டர். கல்யாண மண்டபம் பிடித்தால்தான் உண்டு. தூக்குப் பாலத்தையும் இரண்டு பக்கமும் ஏழெட்டு கர்டரையும் மட்டும் செய்யுங்கள், மற்றதைப் பின்னால் ஒட்டுகிற படம் பார்த்துக்கொள்ளும். 2007க்கு முந்தைய காலம் என்றால் அதில் மீட்டர்கேஜ்தான் ஓட வேண்டும்.

கே: ரிட்டயர் ஆகிவிட்டேன், சொந்த ஊர் ஸ்டேஷனைச் செய்கிறேன். கட்டடம் முடிந்தது. பார்த்தால் ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருக்கிறது.

ப: படம் பார்த்தேன் சார், வேப்ப மரமும் சிமெண்ட் பெஞ்சும் பிரமாதம். பிளாட்பாரம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, தண்ணீர்க் குழாய் அடியில் கொஞ்சம் பச்சைப் பாசி தீட்டுங்கள். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற வரியைத்தான் விட்டுவிட்டீர்கள்.