பெட்டியில் அச்சிட்ட வேகம்

கணினிப் பிராசசரின் வேகம் குறித்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய என் புதிய லேப்டாப்பில் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. பெட்டியிலோ 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று உள்ளது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கோவை)

பதில்: ஏமாற்றவில்லை. வேலை இல்லாத நேரத்தில் வேகம் தாழ்ந்துதான் இருக்கும். பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கக் கொடுத்துவிட்டு, அது ஓடும்போது மறுபடி பாருங்கள்.

கேள்வி: இன்டெல் ஐ5-8250யு உள்ள லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கல்யாண வீடியோ எடிட் செய்யத் தொடங்கும்போது 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிறது. சில நிமிடங்களில் 2-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. லினக்ஸில் வேகத்தைத் தேர்வு செய்யும் அமைப்பான கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றியும் பயனில்லை. (மதுரை)

பதில்: உங்கள் ஐ5-8250யு-வுக்கும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்பது அந்தப் பிராசசர் எட்டக்கூடிய உச்சம். அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், நீடித்த வேலையில் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் கணக்கு 15 வாட். வாங்குபவருக்கு உண்மையில் வேண்டிய இந்த இரண்டு எண்களை விளம்பரத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது என் பல ஆண்டு மனக்குறை. வேகத்தை உயர்த்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். மின்செலவோ அந்த அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் வேகம் கூடும் அளவைவிடச் சூடு மிக அதிகமாகக் கூடுகிறது. மெல்லிய உடலும் சிறிய விசிறியும் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாதபோது பிராசசர் தானாகவே இறங்கிவிடும். கவர்னர் என்பது எந்த வேகம் வேண்டும் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கேட்கும் முறை மட்டுமே; பழைய ‘ஆன்டிமாண்ட்’ வகை ஆனாலும், 2016-இல் 4.7 கெர்னலுடன் வந்த ‘ஷெட்யூட்டில்’ ஆனாலும், வெப்ப வரம்பை மீறும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

நானும் உச்ச வேகத்தை மட்டும் நம்பி விசிறியே இல்லாத லேப்டாப் ஒன்றை வாங்கினேன். பெரிய நிரல் ஒன்றைத் தொகுக்கக் கொடுத்தால், விசைப்பலகைக்கு மேலுள்ள தகடு கை வைக்க முடியாதபடி சுடும். பத்தாவது நிமிடத்தில் வேகம் பாதியாகிவிடும். அப்படியே இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். உங்கள் மெஷினில் விசிறித் தூசியை நீக்கி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். ஓரளவு பலன் இருக்கும். அடுத்த முறை கடையிலேயே அரை மணி நேரம் வேலை வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் எட்டு, ஒவ்வொன்றும் 2 கிகாஹெர்ட்ஸ். மொத்தம் 16 என்கிறார் விற்பனையாளர். சரியா?

பதில்: தவறு. ஒவ்வொரு கோரும் தன் 2 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடும்; வேகங்களைக் கூட்ட முடியாது. அந்தக் கடையில் வாங்காதீர்கள். 2013-இல் வந்த எக்ஸினோஸ் 5410 என்ற மொபைல் பிராசசரில் எட்டு கோர்கள் இருந்தும், ஒரே நேரத்தில் நான்குதான் வேலை செய்தன.

கேள்வி: பேட்டரி மிச்சமாகும் என்று காணொளியில் சொன்னதால் எட்டு கோர்களில் ஆறை ஆஃப்லைன் ஆக்கினேன், அதாவது இயக்கத்திலிருந்து விலக்கினேன். இப்போது லேப்டாப் திணறுகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. பழுது லேப்டாப்பில் இல்லை, நீங்கள் செய்த மாற்றத்தில் இருக்கிறது. ஒரு கோரை விலக்கும்போது அதில் இருந்த பணிகள், டைமர்கள், வன்பொருளிலிருந்து வரும் இன்டரப்டுகள் (குறுக்கீட்டு அழைப்புகள்) அனைத்தையும் கெர்னல் மற்ற கோர்களுக்கு மாற்ற வேண்டும். லேப்டாப் சில வகை உறக்கநிலைகளுக்குப் போகும்போது கெர்னலே இதைச் செய்கிறது. சர்வர்களிலும் இதற்குத் தேவை உண்டு. சும்மா இருக்கும் கோர் தானாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுவதால், நீங்கள் கையால் அணைத்ததில் பெரிய மிச்சம் இல்லை. மறுதொடக்கம் செய்யுங்கள், ஆறும் திரும்பிவிடும். புரியாத கட்டளையை ரூட் (முழு நிர்வாக) அனுமதியுடன் இனி ஓட்டாதீர்கள்.

கேள்வி: மகளின் படிப்புக்காக நகையை அடகு வைத்து லேப்டாப் வாங்கினேன். ஸ்டிக்கரிலும் பில்லிலும் ஐ7 என்று உள்ளது. கல்லூரியில் லினக்ஸ் போட்டபோது அதைவிடத் தாழ்ந்த ஐ3 என்று காட்டியது. (திருநெல்வேலி)

பதில்: அம்மா, உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. பிராசசரின் பெயரைக் கெர்னல் அந்தச் சிப்பிடமிருந்தே கேட்டு வாங்குகிறது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ‘எல்எஸ்சிபியு’ (lscpu) கட்டளை காட்டும் ‘மாடல் நேம்’ வரி, ஸ்டிக்கர், பில் மூன்றையும் படம் எடுத்து, பணத்தைத் திருப்பித் தருமாறு கடைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது; 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை ஸ்டிக்கரை உரிக்கவோ, மெஷினைச் சர்வீஸ் என்று அந்தக் கடையில் விட்டுவரவோ வேண்டாம்.